நாள் தெரியும், ஆள் தெரியும்… கரும்பு எப்போது வரும்?

இரண்டு கோடி வீடுகளுக்குப் பொங்கல் பரிசு போய்ச் சேரும் கதை, சாகுபுரம் கரையிலிருந்து

லாரியின் பின்கதவு திறந்ததும் தோகை வாசனைதான் முதலில் இறங்குகிறது. 2024 ஜனவரி இரண்டாவது வாரம். தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரம், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் வட்டார ரேஷன் கடைகளில் கட்டுக் கட்டாகக் கரும்பு சுவரோடு சாய்கிறது. கையில் டோக்கன், இடுப்பில் பிள்ளை என்று பெண்கள் வரிசை நீள்கிறது. “நல்லதாப் பாத்துக் குடுங்க அண்ணாச்சி” என்ற குரல் கடைக்காரருக்குப் பழகிப்போய்விட்டது. உப்பளத்தில் தேய்ந்த விரலைக் கைரேகைக் கருவி ஏற்க மறுக்கிறது. சேலைத் தலைப்பில் துடைத்து மறுபடி வைக்கிறார்கள். அரிசி ஒரு கிலோ, சர்க்கரை ஒரு கிலோ, முழுக் கரும்பு ஒன்று, ரொக்கம் ஆயிரம் ரூபாய்.

இந்த வரிசைக்கு மூன்று வாரத்துக்கு முன்புதான் இந்தக் கரை தண்ணீருக்குள் கிடந்தது. 2023 டிசம்பர் 17 காலை தொடங்கி மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர். தமிழகச் சமவெளியில் ஒரே நாளில் அவ்வளவு மழை அதற்கு முன் பதிவானதில்லை. தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஓடியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு மாட்டிக்கொண்டது. ஏரல் துண்டாகிப்போனது. சாகுபுரத்தின் காஸ்டிக் சோடா ஆலையில் உற்பத்தி நின்றது. அம்பாரம் அம்பாரமாகக் குவித்திருந்த உப்பு கரைந்து போனது.

அப்படிக் கிடந்த ஊருக்குள் இருபத்து சொச்சம் நாளில் கரும்பு லாரி வந்து நின்றது என்றால், நம் அரசு இயந்திரத்தைப் பாராட்டத்தான் வேண்டும். பாராட்டிய கையோடு ஒரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது. வெள்ளம் வரும் நாளை யாராலும் முன்கூட்டிக் குறிக்க முடியாது. பொங்கல் வரும் நாள் போன வருடக் காலண்டரிலேயே இருக்கிறது. எத்தனை வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பது கணினியில் இருக்கிறது. இவ்வளவும் தெரிந்திருந்தும் ஒவ்வொரு மார்கழியிலும் கரும்புக்காரரும் கடைக்காரரும் லாரிக்காரரும் கடைசி வாரத்தில் ஓடுகிறார்கள். ஏன்?

பூமியைச் சுற்றும் கரும்பு

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். 2023, 2024 பொங்கலுக்குப் பரிசு பெறத் தகுதியான குடும்ப அட்டைகள் சுமார் 2.19 கோடி. அட்டைக்கு ஒரு கிலோ என்றால் 21,900 டன் பச்சரிசி, அதே அளவு சர்க்கரை. கரும்பு ஆறடிக்குக் குறையக் கூடாது என்பது கொள்முதல் விதி. 2.19 கோடிக் கரும்பையும் நுனியும் அடியுமாகத் தொட்டு அடுக்கினால் நாற்பதாயிரம் கிலோமீட்டர் வருகிறது. பூமத்திய ரேகையின் சுற்றளவும் ஏறக்குறைய அதுதான்.

ஆக, உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றும் கரும்பை வெட்டி, கட்டி, ஏற்றி, இறக்கி, 35 ஆயிரத்தை ஒட்டிய ரேஷன் கடைகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அரிசியும் சர்க்கரையும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்குகளில் மாதாமாதம் புழங்கும் சரக்கு. மூட்டையாக வருகிறது, அடுக்கினால் நிற்கிறது, ஒரு வாரம் தாமதமானாலும் கெடாது. கரும்பு அப்படியல்ல. வெட்டிய நாளிலிருந்து காய்கிறது. கிடங்கில் அடுக்க முடியாது. வருடத்தில் ஒரே ஒருமுறைதான் இந்தப் பாதையில் பயணம் செய்கிறது.

சாகுபுரம் பக்கத்தில் அதற்கு வயலும் இல்லை. இது உப்பும் மணலும் பனையும் உள்ள கரை. சாகு ஜெயின் குடும்பத்தார் 1950-களின் கடைசியில் இங்கே காஸ்டிக் சோடா ஆலை வைத்ததே உப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால்தான். ஊருக்குப் பெயரும் அவர்களால் வந்ததே. ஆற்றுப் பாசனமுள்ள ஆத்தூர், ஏரல் பக்கம் வாழையும் வெற்றிலையும் நெல்லும் விளையும். பொங்கல் கரும்பு மேலூர், சின்னமனூர், தஞ்சாவூர், கடலூர் வட்டாரங்களின் பயிர். கடைக்கோடி மாவட்டத்துக்கு வரும் ஒவ்வொரு கட்டுக்கும் லாரி வாடகை ஏறுகிறது.

2023-ல் அரசு வைத்த உச்ச விலை ஒரு கரும்புக்கு 33 ரூபாய். வெட்டுக் கூலி, கட்டுக் கூலி, ஏற்றுக் கூலி, வண்டி வாடகை எல்லாம் அதற்குள். வயலுக்குப் பக்கத்து மாவட்டத்துக்கும் அதே விலை, தூரத்து மாவட்டத்துக்கும் அதே விலை. அப்படியானால் தூரத்தின் செலவை யார் சுமப்பது? பேரத்தில் கைதாழ்ந்து நிற்பவர். விவசாயி கைக்குப் போய்ச் சேர்ந்தது 33 ரூபாயைவிட வெகு குறைவு என்ற புகார் அந்த ஆண்டு பல மாவட்டங்களில் எழுந்தது. இடைத்தரகர் கூடாது என்று உத்தரவு சொன்னது உண்மைதான். ஆனால் லாரி கையில் இருப்பவரைத் தரகர் என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

■ பெட்டிச் செய்தி: பை மாறிய கதை

ஜெயலலிதா ஆட்சிக் காலப் பொங்கல் பரிசு: ஒரு கிலோ அரிசி, ஒரு கிலோ சர்க்கரை, 100 ரூபாய்.

2020: 1,000 ரூபாய். கரும்பு இரண்டடித் துண்டு.

2021: 2,500 ரூபாய். துண்டு போய் முழுக் கரும்பு வந்தது. 20 கிராம் முந்திரி, 20 கிராம் திராட்சை, 5 கிராம் ஏலக்காய்.

2022: ரொக்கம் இல்லை. கரும்பும் துணிப்பையும் சேர்த்து 21 பொருள்.

2023, 2024: அரிசி, சர்க்கரை, முழுக் கரும்பு, 1,000 ரூபாய்.

2025: மறுபடி ரொக்கம் இல்லை. அரிசி, சர்க்கரை, கரும்பு மட்டும். ஒதுக்கீடு 249.76 கோடி. 2.20 கோடி அட்டைக்கு வகுத்தால் வீட்டுக்கு 113 ரூபாய்ச் சொச்சம்.

பத்து மாதப் பயிர், பன்னிரண்டு நாள் கெடு

2022 டிசம்பர் 22. வரும் பொங்கலுக்கு அரிசி, சர்க்கரை, ஆயிரம் ரூபாய் என்று அறிவிப்பு வந்தது. பட்டியலில் கரும்பு இல்லை.

செங்கரும்பு பத்து மாதப் பயிர். மாசி, பங்குனியில் கரணை ஊன்றினால் மார்கழிக் கடைசியில் வெட்டு. இது ஆலைக்குப் போகிற கரும்பல்ல, பொங்கல் ஒன்றுதான் இதற்குச் சந்தை. முந்தைய இரண்டு வருடமும் அரசு முழுக் கரும்பு வாங்கியிருந்ததால் இந்த வருடமும் வாங்கும் என்று நம்பி ஊன்றியவர்கள் எத்தனையோ பேர். அறிவிப்பைக் கேட்டதும் வயலில் நின்ற கரும்போடு அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். எதிர்க்கட்சிகள் குரல் கொடுத்தன, வழக்கும் வந்தது. டிசம்பர் 28-ல் கரும்பும் உண்டு என்று முதல்வர் அறிவித்தார். விநியோகம் ஜனவரி 9 முதல். இடையில் இருந்தது பன்னிரண்டு நாள்.

அந்தப் பன்னிரண்டு நாளில் மாவட்ட ஆட்சியர் தலைமையில் குழு அமைந்து, வேளாண்துறையும் கூட்டுறவுத்துறையும் வயல் வயலாகப் போய், உயரமும் பருமனும் பார்த்து, விலை பேசி, வெட்டுக்கு ஆள் பிடித்து, லாரி பிடித்துக் கடையில் இறக்கியாக வேண்டும். அப்போது ஒரே நேரத்தில் எல்லா மாவட்டமும் அதே வயல்களுக்கு முன்னால் நிற்கிறது. வெட்டுக் கூலியும் வண்டி வாடகையும் ஏறாமல் என்ன செய்யும்?

தெருவோரத்தில் கரும்பு விற்கும் வியாபாரிக்கு இதைவிடக் கடினமான கணக்கு உண்டு. அவருக்கு எத்தனை பேர் வாங்குவார்கள் என்றே தெரியாது. ஒரு பேச்சுக்கு, 20 ரூபாய்க்கு வாங்கி 30-க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கரும்பு குறைந்துபோனால் நழுவுவது 10 ரூபாய் லாபம். ஒன்று மிஞ்சினால் போவது 20 ரூபாய் முதல். காணும் பொங்கல் மறுநாள் அதை மாடுதான் தின்னும். ஆகவே நூறு போகும் என்று தோன்றினாலும் கொஞ்சம் குறைத்து இறக்குவதுதான் கெட்டிக்காரத்தனம். மேலாண்மைப் படிப்பில் இதற்குச் ‘செய்தித்தாள் வியாபாரி கணக்கு’ என்று பெயர். மாலையானால் காலைப் பேப்பரும் காசு பெறாது என்பதால் அந்தப் பெயர். போகி மாலையில் கரும்பு விலை எகிறுவதும், பொங்கல் முடிந்ததும் கேட்பாரற்றுக் கிடப்பதும் இந்தக் கணக்கின் இரண்டு முகங்கள்.

அரசுக்கு அந்தச் சூதாட்டமே கிடையாது. அட்டைக்கு ஒன்று என்று எழுதியாகிவிட்டது. உலகத்தின் எந்தப் பெரிய கடைச் சங்கிலிக்கும் இவ்வளவு துல்லியமான தேவைப் பட்டியல் கையில் இருக்காது. அவர்கள் இதற்காகக் கோடி கோடியாகக் கொட்டி ஆரூடம் கணிக்கிறார்கள். நம்மிடம் பட்டியல் இருக்கிறது, முடிவுதான் இல்லை.

இந்தத் தடுமாற்றம் விவசாயியிடம் போகும்போது பெருகுகிறது. 1997-ல் ஹாவ் லீ, பத்மநாபன், வாங் ஆகிய மூன்று பேராசிரியர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரை ‘சாட்டையடி விளைவு’ என்ற பெயரை உலகெங்கும் பரப்பியது. பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் டயபர்தான் அதில் வரும் புகழ்பெற்ற உதாரணம். குழந்தைகள் என்னவோ நாள் தவறாமல் ஒரே அளவில்தான் நனைத்தன. ஆனால் கடையிலிருந்து மொத்த வியாபாரி, அங்கிருந்து ஆலை, அங்கிருந்து மூலப்பொருள் என்று பின்னால் போகப் போக ஆர்டர் பேயாட்டம் ஆடியது. சாட்டையின் பிடியில் சின்ன அசைவு, நுனியில் பெரிய வீச்சு. பொங்கல் கரும்பில் பிடி கோட்டையில் இருக்கிறது. துண்டா முழுசா, உண்டா இல்லையா என்று ஆண்டுக்கு ஆண்டு அது அசைகிறது. நுனியில் நிற்பவர் கரணை ஊன்றுபவர்.

இருபத்தொன்றும் ஒரே பைக்குள்

2022 பொங்கல் தனிக் கதை. பச்சரிசி, வெல்லம், முந்திரி, திராட்சை, ஏலக்காய், பாசிப்பருப்பு, நெய், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், மல்லித்தூள், கடுகு, சீரகம், மிளகு, புளி, கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, ரவை, கோதுமை மாவு, உப்பு, கரும்பு. எல்லாவற்றையும் போட்டுக்கொள்ள ஒரு துணிப்பை. கேட்கவே வயிறு நிறைகிறது. ஒரு மளிகைக் கடையையே வீட்டுக்கு அனுப்பும் எண்ணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நடந்தது என்ன? வெல்லம் உருகி ஒழுகியது என்று வீடியோக்கள் சுற்றின. மிளகிலும் புளியிலும் கலப்படம் என்று புகார்கள். பல இடங்களில் துணிப்பை வந்து சேரவில்லை. எண்ணிக்கை குறைகிறது என்று கடைக்காரரிடம் சண்டை. தரமற்ற பொருள் கொடுத்த நிறுவனங்களைக் கருப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி முதல்வரே உத்தரவிட வேண்டியதாயிற்று.

யாரோ திருடினார்கள், யாரோ ஏமாற்றினார்கள் என்பதோடு இந்தக் கதையை முடித்துக்கொள்வது எளிது. கணக்கு வேறு ஒன்றையும் சொல்கிறது. ஒவ்வொரு பொருளும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாக வந்து சேரும் என்று வையுங்கள். பிரமாதமான வேலைதான். மூன்று பொருள் உள்ள பையானால் நூற்றில் 97 பை முழுசாக இருக்கும். இருபத்தொரு பொருள் என்றால் முழுசாக இருப்பது 81 பைதான். ஒவ்வொன்றும் 95 தடவை சரி என்ற நிலைக்கு இறங்கிவிட்டாலோ, நூற்றில் 34 பை மட்டுமே குறையில்லாமல் போகும். மீதி 66 வீடும் கடைக்காரரைத்தான் திட்டும். அவருக்கும் வெல்லம் உருகியதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அதற்கடுத்த ஆண்டு வெல்லம் போய்ச் சர்க்கரை வந்தது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பொங்கல் பானைக்குச் சர்க்கரை அவ்வளவு பொருத்தமில்லை. நெல்லைச் சீமையில் அதை ஒரு பொங்கலாகவே ஒப்புக்கொள்ளாத பாட்டிகள் உண்டு. ஆனால் சர்க்கரை ஏற்கெனவே மாதாமாதம் ரேஷனில் வருகிற சரக்கு. தினமும் வண்டி ஓடும் தடத்தில் இன்னொரு வண்டி ஓட்டுவது சுலபம்.

பக்கத்தில் இருக்கிற உடன்குடியின் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பரிசுப் பையில் போட்டாலென்ன என்று இந்தக் கரையில் ஆசைப்படாதவர்கள் குறைவு. எனக்கும் ஆசைதான். இரண்டு கோடி வீட்டுக்கு ஒரு வட்டு வீதம் கொடுக்க எத்தனை பனை, எத்தனை பனையேறி வேண்டும் என்று யோசித்தால் ஆசை கொஞ்சம் அடங்குகிறது. ஒரு மாவட்டத்துக்கு மட்டும் என்றால் பேசிப் பார்க்கலாம். எல்லா மாவட்டத்துக்கும் ஒரே பை என்ற பிடிவாதம் தளர வேண்டும். அதற்கும் முடிவு முன்கூட்டியே தெரிய வேண்டும், பதநீர் இறங்கும் காலத்திலேயே.

ஆவணியில் கிளம்பும் கிறிஸ்துமஸ்

சாகுபுரத்திலிருந்து வடக்கே முப்பது கிலோமீட்டர் போனால் தூத்துக்குடி. 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட வ.உ.சி. துறைமுகம்தான் திருப்பூர்ப் பின்னலாடைக்குக் கடல் வாசல். லண்டனிலோ ஹாம்பர்க்கிலோ டிசம்பரில் ஒருவர் தம்பிக்குப் பரிசாக வாங்கும் பனியனும் பைஜாமாவும் இந்த வழியாகத்தான் போகின்றன. எப்போது போகின்றன? கோடை முடியும் முன்பே ஆர்டர் உறுதியாகி, ஆவணி, புரட்டாசிக்குள் பெட்டிகள் கப்பலேறிவிடும். வழக்கமாக இங்கிருந்து கொழும்பு, அங்கே பெரிய கப்பலுக்கு மாற்றம், பிறகு சூயஸ். கடலில் மட்டும் ஒரு மாதம் போலாகிறது. அந்தப் பக்கம் கிடங்கு, கடை, அலமாரி.

கிறிஸ்துமஸ் தாத்தா நமக்கு ஆவணியிலேயே டாட்டா காட்டிவிடுகிறார். ஆறாயிரம், ஏழாயிரம் கடல் மைல் தள்ளியிருப்பவருக்குப் போகும் பரிசு நான்கு மாதம் முன்பு இந்தத் துறைமுகத்தைத் தாண்டுகிறது. துறைமுகத்திலிருந்து முப்பது கிலோமீட்டரில் இருப்பவருக்கு என்ன பரிசு என்பது மார்கழி பாதியில்தான் முடிவாகிறது.

ஏற்றுமதிக்காரர்கள் அப்படி முன்கூட்டி நடப்பதும் அடிபட்டுக் கற்றதுதான். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸில் ஆறு நாள் குறுக்கே கிடந்தது. அந்த ஆண்டு முழுக்கக் காலிப் பெட்டிக்குத் தட்டுப்பாடு, கப்பல் வாடகை பல மடங்கு. 2023 டிசம்பரில் செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியபோது பயணத்தில் பத்துப் பதினைந்து நாள் கூடியது. காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியதும் அதே மாதம்தான். கடல் வழியும் தரை வழியும் சேர்ந்து அடைபட்ட மாதம் அது. கிறிஸ்துமஸ் சரக்கு அதற்கு வெகு முன்பே கரை சேர்ந்திருந்தது.

பொங்கல்படி தெரிந்தவர்கள்

இந்தச் சீமையில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போகும் பொங்கல் சீருக்குப் பொங்கல்படி என்று பெயர். பச்சரிசி, வெல்லம், தேங்காய், மஞ்சள் குலை, கரும்பு, பனங்கிழங்கு, சிறுகிழங்கு, சேனை, கருணை. தலைப்பொங்கல் என்றால் வெண்கலப் பானையும் உண்டு. கொண்டுபோவது அண்ணனோ தம்பியோ. சைக்கிள் கேரியரில் இருந்த கரும்பு பைக்குக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்குப் பின்னால் ஓடும் காலக் கணக்கைக் கவனியுங்கள். பனங்கொட்டையை ஆவணி, புரட்டாசியில் பாத்தியில் புதைத்தால்தான் மார்கழி, தையில் கிழங்கு. மஞ்சளும் சிறுகிழங்கும் மாதக்கணக்கில் மண்ணுக்குள் இருக்க வேண்டியவை. மகளுக்குப் பொங்கல்படி உண்டா என்ற சந்தேகம் எந்த வீட்டிலும் மார்கழி 7-ம் தேதி வருவதில்லை. கொடுப்பது உறுதி என்பதால், விளைவிப்பவர் துணிந்து மண்ணைக் கிளறுகிறார். நிச்சயத்தில்தான் இந்தச் சங்கிலியே நிற்கிறது. வாட்ஸ்அப்பில் பணம் அனுப்பி முடித்துக்கொள்ளும் அண்ணன்கள் பெருகிவருகிறார்கள் என்பது வேறு விஷயம். பனங்கிழங்குக்காரர்களுக்கு அது தெரிந்துதான் இருக்கிறது.

■ பெட்டிச் செய்தி: கெடு வைத்த கொடைகள்

ஃபித்ரா: காயல்பட்டினத்து வீடுகளில் நோன்புப் பெருநாளுக்கு முன் ஏழைகளுக்குக் கொடுக்கும் கடமையான தர்மம். தலைக்கு ஒரு ஸாவு, அதாவது இரண்டரை முதல் மூன்று கிலோ வரை தானியம். பெருநாள் தொழுகைக்கு முன் சேர்ந்துவிட வேண்டும். தொழுகை முடிந்தபின் கொடுத்தால் அது சாதாரண தர்மக் கணக்கில்தான் சேரும். பெருநாளுக்கு ஓரிரு நாள் முன்பே கொடுக்கவும் வழியுண்டு. அளவு, ஆள், நாள் எல்லாம் பல நூற்றாண்டுக்கு முன்பே தீர்மானமானவை.

தீபாவளி போனஸ்: சாகுபுரம் போன்ற ஆலை ஊர்களின் திருநாள் பரிசு. சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், கூடியது 20 சதவீதம். கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மார்ச்சோடு முடியும் கணக்குக்கு நவம்பர் 30 கடைசி நாள். தீபாவளி அதற்குள் வந்துவிடும்.

ஆயிரம் ரூபாயை நீட்டிவிட்டால்?

இவ்வளவு பாடு எதற்கு, பணத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குத் துணையாக ஒரு அமெரிக்கப் பொருளாதார அறிஞரும் இருக்கிறார். ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-ல் கிறிஸ்துமஸ் பரிசுகளை ஆராய்ந்து, கொடுத்தவர் செலவழித்ததற்கும் வாங்கியவர் அதற்குப் போடும் மதிப்புக்கும் இடையில் பத்து சதவீதம் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்று கணக்குச் சொன்னார். அத்தை எடுத்துக்கொடுத்த சட்டை பீரோவுக்குள் கிடப்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பானையே வைக்காத வீட்டுக்குப் பச்சரிசி போனால் அதன் மதிப்பு என்ன என்று கேட்கவும் இடமிருக்கிறது.

ரொக்கமும் அப்படியொன்றும் தானாக நடந்து வருவதில்லை. 2023-ல் இரண்டு 500 ரூபாய்த் தாள்களாக, கவரில் போடாமல், வாங்குபவர் கண்ணுக்குத் தெரியும்படி கொடுக்க வேண்டும் என்று உத்தரவே போட்டார்கள். 2.19 கோடி அட்டைக்கு நாலேகால் கோடிக்கு மேல் தாள். ஒவ்வொரு கடைக்கும் பாதுகாப்போடு போக வேண்டும். மாலையில் கணக்கு ஒப்படைக்க வேண்டும். குறைந்தால் விற்பனையாளர் சம்பளத்தில் கை வைப்பார்கள்.

இதில் வால்ட்ஃபோகல் பார்க்காத ஒரு பக்கம் இருக்கிறது. அவருடைய கணக்கில் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். பொங்கல் பரிசிலோ வாங்குபவர் இரண்டு பேர். வரிசையில் நிற்கும் பெண் ஒருவர், வயலில் நிற்கும் விவசாயி இன்னொருவர். அந்தப் பெண்ணுக்குக் கரும்புக்குப் பதில் 33 ரூபாய் கொடுத்தால் எண்ணெய் வாங்கிக்கொள்வார், குறைவில்லை. விவசாயிக்கு அந்த 72 கோடி ரூபாய்ச் சந்தை காணாமல் போகும். ஆகவே, கரும்பு வேண்டுமா பணம் வேண்டுமா என்பதைவிட, யாருக்காக இந்தக் கரும்பு என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். விவசாயிக்காக என்றால், வெட்டும்போது சொல்வதில் பயனில்லை. ஊன்றும்போது சொல்ல வேண்டும்.

நூல் வராமல் சேலை வராது

எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1983-ல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தில், வாங்குபவர் இரண்டு பேர் என்ற இந்த உண்மை ஆரம்பத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ஏழைக்குத் துணி, நெசவாளிக்கு வேலை என்று இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்ட திட்டம் அது. இன்றைக்குச் சுமார் 1.77 கோடி சேலையும் அதே அளவு வேட்டியும் கைத்தறியிலும், பெரும்பகுதி ஈரோடு, திருப்பூர், நாமக்கல், சேலம் பக்கத்து விசைத்தறிகளிலும் நெய்யப்படுகின்றன. நூல் கொள்முதல் டெண்டர் ஆடியில் முடிந்தால் தறி சீராக ஓடும். ஐப்பசிக்குத் தள்ளினால் தறிக்காரர் இரவும் பகலும் ஓட்டி, இடையிலுள்ள மாதங்களில் சும்மா உட்கார்ந்திருப்பார். பொங்கல் சேலை மாசியில் கிடைத்த ஆண்டுகள் ரேஷன் வரிசையில் நிற்பவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். தாமதத்தால் சேலையின் விலை கூடுவதில்லை. பொங்கலன்று கட்டிக்கொள்ள முடியாது, அவ்வளவே. அதை எந்தத் தணிக்கை அறிக்கையும் நஷ்டமாக எழுதாது.

வெள்ளத்தில் ஓடிய தடம்

திரும்ப அந்த 2023 டிசம்பருக்கு வருவோம். மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அதை எப்படிக் கொடுப்பது? புதிதாக ஒரு பட்டியல் எடுத்து, புதிதாக ஒரு அலுவலகம் திறந்திருந்தால் சித்திரை வந்திருக்கும். டோக்கன் அடித்து, வீடு வீடாகக் கொடுத்து, நாள் குறித்து, ரேஷன் கடையில் ரொக்கம் எண்ணிக் கொடுத்தார்கள். பல ஆண்டுப் பொங்கல் பரிசில் பழகிய அதே வழிமுறை. கூட்டத்தை எப்படிப் பிரிப்பது, கைரேகை விழாதவரை என்ன செய்வது என்பது விற்பனையாளருக்கு அத்துப்படி. நிவாரண வரிசை முடிந்து கொஞ்ச நாளில் பொங்கல் வரிசை தொடங்கியது. அதே கடை, பல இடங்களில் முந்தின மாதம் நனைந்த தளவாடம்.

பரிசுத் திட்டத்தை வெறும் ஓட்டுக் கணக்காகப் பார்ப்பவர்கள் இதைத் தவற விடுகிறார்கள். ஓட்டுக் கணக்கு அதில் இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை இரண்டு கோடி வீட்டுக்குக் குறித்த நாளுக்குள் பொருளும் பணமும் சேர்ப்பது, புயல் வரும் மாநிலத்துக்கு மிகப் பெரிய ஒத்திகை. அந்த ஒத்திகையை ஒவ்வொரு ஆண்டும் கடைசி நிமிடத்தில் நடத்துவதால் கடைக்காரரும் லாரிக்காரரும் அவசரத்துக்குப் பழகிவிட்டார்கள். அவர்களுடைய திறமையில் நம்முடைய தாமதம் ஒளிந்துகொள்கிறது.

உப்பளத்துக்காரர்களைக் கேட்டால் வேறு வழி சொல்வார்கள். அவர்கள் தை, மாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை உப்பு வாருகிறார்கள். மழைக்காலத்தில் உற்பத்தி கிடையாது. வாங்குபவர்களோ வருடம் முழுக்கக் கேட்கிறார்கள். ஆகவே கோடையிலேயே அம்பாரம் கட்டி, ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடி, ஐப்பசி, கார்த்திகைக்கு வைத்திருக்கிறார்கள். 95 சென்டிமீட்டர் மழை அந்த அம்பாரத்தையும் கரைத்தது, உண்மை. அப்படி ஒரு மழை வாழ்நாளில் ஒருமுறை வரலாம். பொங்கல் ஒவ்வொரு தையும் வருகிறது.

பிப்ரவரி, மார்ச்சில் சட்டமன்றத்தில் நிதிநிலை அறிக்கையும் வேளாண் நிதிநிலை அறிக்கையும் வாசிக்கப்படும்போது, மேலூரிலும் சின்னமனூரிலும் கரணை ஊன்றிக்கொண்டிருப்பார்கள். அடுத்த பொங்கலுக்கு எத்தனை கரும்பு, எந்த மாவட்டத்துக்கு எங்கிருந்து, தூரத்துக்குத் தக்க என்ன விலை என்று அந்த அறிக்கையில் ஒரு பத்தி சேர்க்க முடியும். ரொக்கம் எவ்வளவு என்பதை வேண்டுமானால் மார்கழி வரை ரகசியமாக வைத்துக்கொள்ளட்டும். தாளுக்குப் பத்து மாதம் தேவையில்லை, அச்சாகி வங்கியில் தயாராக இருக்கிறது.